பி.டி. வாத்தியாரின் ஊர்

வாளையாறு தாண்டி, பாலக்காட்டைக் கடந்து கோழிக்கோடு சாலையில் சிறிது தூரம் போனால் முண்டூர். வயலும் பனையுமாய்ச் சாதாரண ஊர். ஓட்டக்காரர்களுக்கு மட்டும் திருத்தலம். விவசாயக் கூலிகளின் மகளான பி.யு. சித்ரா படித்தது இங்குள்ள பள்ளியில்தான். ஆசிய தடகளப் போட்டியில் 1,500 மீட்டரில் அவர் தங்கம் வென்றது 2017-இல், புவனேஸ்வரத்தில். 2019-இல் தோஹாவில் மறுபடியும் தங்கம்.

தெற்கே, தேனியை ஒட்டிய இடுக்கி மலையிலும் இதே கதை. பூசான் ஆசிய விளையாட்டில் (2002) 800 மீட்டர் தங்கம் வென்ற பீனாமோல், குவாங்சூவில் (2010) 10,000 மீட்டர் தங்கம் வென்ற பிரீஜா ஸ்ரீதரன் இருவரும் இந்த மலைக்காரர்கள்.

வெளிநாட்டுச் சபைகளின் இளைஞர்கள் விடுமுறையில் பந்தும் பைபிளுமாக வந்து, பத்து நாள் ஏழைப் பிள்ளைகளோடு ஆடிவிட்டுப் போவதும் சேவைதான். பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம். ஆனால், பதினோராவது நாள்?

1919-இல் சென்னைக்கு வந்த அமெரிக்கர் ஹாரி குரோ பக், மறு ஆண்டே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1943-இல் இறக்கும்வரை அதை விடவில்லை. பந்து கொடுப்பதைவிட, பி.டி. வாத்தியார்களை உருவாக்குவதே அவர் வேலை.

சித்ராவின் கால்களில் வேகத்தைக் கண்டுகொண்ட என்.எஸ். சிஜினும் முண்டூர்ப் பள்ளியின் பி.டி. வாத்தியார்தான்.