உள்ளீடில்லாப் பெட்டி

பெட்டி என்பது ஒரு பொருளை உள்ளே வைத்துக் காப்பதற்காகச் செய்யப்பட்டது என்பதைச் சிறு குழந்தையும் அறியும். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் உள்ள தோல் தொழிற்சாலைகளினின்று பாதரட்சைகள் பெட்டி பெட்டியாகப் புறப்பட்டுக் கடல் கடந்து செல்வதை இப்பக்கத்தார் யாவரும் கண்டிருப்பர். அப்பெட்டிகளுள் ஒன்றை விலைகொடுத்து வாங்கிய ஒருவர் வீட்டிற்குச் சென்று திறந்து பார்க்கையில், உள்ளே ஒரு வார் மட்டும் கிடந்து, "எஞ்சிய பாகங்களை எமது தொழிற்சாலை வாயிலில் வந்து பெற்றுக்கொள்க, வண்டிச் சத்தம் தங்களுடையது" என்றொரு துண்டுச் சீட்டும் உடனிருக்குமாயின், அவ்வணிகரைப் பற்றி அவர் யாது நினைப்பார்? இதனைக் கற்பனையென்று நகைத்து விடுதல் வேண்டா. வீடியோ விளையாட்டு வியாபாரத்தில் இம்முறையே பல ஆண்டுகளாக நடந்து வருகின்றது.

இவ்விளையாட்டுக்களிற் பழக்கமில்லாத பெரியோர் பொருட்டு இரண்டொரு வார்த்தை. தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்தற்குரிய கருவி ஒன்றுண்டு. அதனுள் ஒரு தட்டைச் செலுத்தினால், தட்டில் எழுதப்பட்டுள்ளவற்றைக் கருவி படித்து விளையாட்டைத் திரையிற் காட்டும். தட்டே விளையாட்டு, விளையாட்டே தட்டு என்றிருந்த காலம் ஒன்று இருந்தது. 1997-ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7' என்னும் விளையாட்டு ஒரு தட்டில் அடங்காமற் போகவே, அதனை வெளியிட்டோர் மூன்று தட்டுக்களில் எழுதி ஒரே பெட்டியில் வைத்துக் கொடுத்தனர். ஒன்று முடிந்தவுடன் எழுந்து சென்று அடுத்ததை மாற்றவேண்டும். வாங்கினவனுக்கு அவ்வளவே துன்பம்.

நிற்க. எங்கள் வீட்டிலும் அத்தகைய கருவி ஒன்று உண்டு. என் தந்தையார் அரக்கோணத்தில் ரெயில்வே ஊழியர். ரெயில்வேயில் தசராவை ஒட்டிப் போனஸ் வழங்குவர். 2022-ஆம் ஆண்டில் அதனை 78 நாள் ஊதியம் என்று பெயரிட்டு, ஆனால் ஊதியத்திற்கு ஒரு வரம்பு கட்டி, மிகுதியாக 17,951 ரூபாய் என்று அளித்தனர். அதில் கடைக்காரர் பாக்கியும் புத்தாடையும் போக எஞ்சியதில், எட்டாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த என் தம்பிக்கு ஒரு விளையாட்டு வாங்கித் தருவதாக அவர் வாக்களித்திருந்தார். காலாண்டுத் தேர்வில் நன்றாக எழுதினால் என்பது நிபந்தனை. தம்பி எழுதிய விதம் ஈண்டு ஆராயத்தக்கதன்று. தந்தையார் வாக்குத் தவறாதவர். இரவுப் பணி முடிந்த மறுநாட் காலையில் உறங்காது மின்சார ரெயிலேறிச் சென்னை சென்று, 4,000 ரூபாய்க்குச் சற்றே குறைந்த விலையில், ஒரு கடையில் அப்பெட்டியை வாங்கி வந்தார். இணையத்தின் வாயிலாகவே வாங்கலாமே என்று நான் முன்னரே கூறியிருந்தேன். அதற்கு அவர், "கையிலே பிடிக்க ஒரு பொருள் இருக்கவேண்டாமா? நம் தெரு இணையத்தை நம்பியா காசைக் கொடுப்பது?" என்றார். அது முற்றிலும் நியாயமான பேச்சு. எங்கள் தெருவிற்கு அப்பொழுது கண்ணாடியிழைக் கம்பி வரவில்லை. தந்தையாருடைய செல்பேசியில் நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் வரும். அதுவே வீட்டிற்கெல்லாம் பொது.

தட்டைச் செலுத்தினோம். கருவி சிறிது நேரம் முனகிற்று. பின்னர்த் திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றியது: விளையாட்டின் எஞ்சிய பகுதிகளை இணையத்தினின்று இறக்கிக்கொள்ளவேண்டும், அளவு 61 ஜிகாபைட். நாளொன்றுக்கு ஒன்றரை வீதம் வகுத்துப் பார்த்தேன். வீட்டில் வேறெவரும் செல்பேசியைத் தொடாதிருப்பின் 41 நாள் ஆகும். விடுமுறையோ ஒன்பது நாள். தம்பி ஒன்றும் பேசாமல் பெட்டியின் மேலட்டையிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தந்தையார், "தட்டுப் பழுதாக இருக்கும். நாளைக்கே கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வருகிறேன்," என்று எழுந்தார். பழுதன்று என்றும், கடையிலுள்ள அத்தனை பெட்டிகளும் இவ்வாறே இருக்கும் என்றும், உறை பிரித்த பெட்டியை அவர்கள் திரும்பப் பெறமாட்டார்கள் என்றும் விளக்கினேன்.

"அப்படியானால் பெட்டிக்குள்ளே என்னதானடா இருக்கிறது?"

"விளையாடுவதற்கு அனுமதி இருக்கிறதப்பா."

சிறிது நேரம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டிக்கெட்டு என்று சொல். டிக்கெட்டை இவ்வளவு பெரிய பெட்டியிலா போட்டு விற்பார்கள்?" என்றார்.

இவ்விஷயத்தைப் பற்றி நான் பின்னர்ப் படித்த கட்டுரைகள் பல. அவற்றுள் எதுவும் என் தந்தையாரின் அவ்வொரு வினாவைக் காட்டிலும் தெளிவாகச் சொல்லவில்லை.

எமக்கு நேர்ந்தது புதுமையுமன்று, தனித்ததுமன்று. கணிப்பொறி விளையாட்டுக்களில் இவ்வழக்கம் வேரூன்றியது 2004-ஆம் ஆண்டில். அவ்வாண்டு வெளிவந்த 'ஹாஃப்-லைஃப் 2' பெட்டியில் விளையாட்டு இருந்தது. ஆனால் 'ஸ்டீம்' என்னும் இணையச் சேவையில் பதிந்துகொண்டாலன்றி அது திறவாது. 2015-ஆம் ஆண்டில் வந்த 'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 5' தட்டில் இருந்தது 4.6 ஜிகாபைட், முதல் நாளே இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது 7.7 ஜிகாபைட். அதே ஆண்டில் 'மெட்டல் கியர் சாலிட் 5' விளையாட்டின் கணிப்பொறிப் பெட்டியை வாங்கினோர், தட்டில் ஸ்டீமை நிறுவும் சிறு செயலி மட்டுமே இருக்கக் கண்டனர். 2022-ஆம் ஆண்டில் 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' வெளிவந்தபோது, பிளேஸ்டேஷன் 5 தட்டில் ஏறத்தாழ 70 மெகாபைட்டே எழுதப்பட்டிருந்தது. அத்தகைய தட்டு 100 ஜிகாபைட் வரை கொள்ளத்தக்கது. நூறு மூட்டை கொள்ளும் களஞ்சியத்தில் ஒரு கைப்பிடி நெல் என்று கொள்க.

இதற்கு உற்பத்தியாளர் கூறும் சமாதானங்கள் சில உண்டு. தட்டுக்களை அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பச் சில வாரங்களாகும். அவ்வாரங்களிலும் பிழை திருத்தம் நடந்துகொண்டேயிருக்கும். ஆதலின் திருத்தங்களைப் பின்னர் அனுப்புதல் தவிர்க்கவொண்ணாதது என்பர். திருத்தத்திற்கு அஃது ஏற்கத்தக்க நியாயமே. ஆனால் விளையாட்டையே அனுப்பாது வைத்துக்கொள்ளுதற்கு அது நியாயமாகுமா? புத்தகத்திற்குப் பிழைதிருத்தப் பட்டியல் பின்னர் வரலாம். அத்தியாயங்கள் பின்னர் வரலாமோ? பெரிய விளையாட்டு ஒரு தட்டிற் கொள்ளாது என்பது மற்றொன்று. 2018-ஆம் ஆண்டில் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு வந்தபோது இரண்டு தட்டுக்களிலே வந்தது. மனம் இருந்தால் இடமும் இருக்கும். உண்மையான காரணம் செலவு என்றே நான் கருதுகிறேன். இரண்டாம் தட்டு விற்பவர் செலவு. இணையக் கட்டணம் வாங்குபவர் செலவு.

அச்செலவு எல்லோருக்கும் ஒன்றன்று என்பதே இங்கு முக்கியம். நம் தேசத்தில் 2004-ஆம் ஆண்டுக் கொள்கை, வினாடிக்கு 256 கிலோபிட் வேகமிருந்தால் அதனை அகலப்பட்டை என்று அழைத்தது. 2013-இல் அஃது 512 ஆயிற்று. 2023-இல் 2 மெகாபிட் ஆயிற்று. எமக்கு வேண்டிய 61 ஜிகாபைட்டை முதல் வேகத்தில் இறக்க இடைவிடாது 22 நாளும், இரண்டாவதில் 11 நாளும், மூன்றாவதில் ஏறக்குறைய 3 நாளும் பிடிக்கும். 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்த பின் செல்பேசி இணையத்தின் விலை பெரிதும் வீழ்ந்தது மெய்யே. ஆயினும் அது நாளொன்றுக்கு இவ்வளவு என்று படியளந்தே ஊற்றப்படுகிறது.

இனி, எங்களூர் ரெயிலை நோக்குவோம். 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதற் பிரயாணிகள் வண்டி ஓடிய பாதை அரக்கோணத்தின் வழியே செல்வது. சென்னை சென்ட்ரலிலிருந்து எங்களூர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மின்சார ரெயிலில் இரண்டு மணி நேரம். 50 ஜிகாபைட் நிறைந்த ஒரு தட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் அவ்வண்டியில் வந்திறங்கினால், அவர் வினாடிக்கு 55 மெகாபிட் வேகத்தில் தரவைச் சுமந்து வந்தவராகிறார். இரண்டு தட்டாயின் 110. நின்று நின்று வரும் வண்டியின் வேகம் இது! இணையம் மெலிந்த ஊர்களுக்குப் பெட்டியினும் சிறந்த வாகனம் வேறில்லை. பெருநகரத்தார்க்குப் பெட்டியே வேண்டா. அவர்கள் இருந்த இடத்திலிருந்தே இறக்கிக்கொள்வர். யாருக்குப் பெட்டி இன்றியமையாததோ, அவருக்கே வெறும் பெட்டி வருகிறது.

தம்பியின் காரியம் பின்னர் முடிந்தது ரெயிலாலேயே. கருவியைப் பழைய துண்டிற் சுற்றிப் புத்தகப் பையில் இட்டு, பெரம்பூரிலுள்ள மாமா வீட்டிற்கு அவனும் நானும் எடுத்துச் சென்றோம். அவர் வீட்டில் கண்ணாடியிழை இணைப்பு உண்டு. இரவில் வைத்துவிட்டு உறங்கினோம்; விடியற்காலையில் முடிந்திருந்தது. திரும்பி வருகையில் கூட்டம் மிகுதியாயிருந்தமையால், பெரம்பூரிலிருந்து திருவள்ளூர் வரை அவன் அப்பையை மார்போடு அணைத்து நின்றுகொண்டே வந்தான். விடுமுறையில் எஞ்சியது நான்கு நாள். அடுத்த மாதத்தில் 18 ஜிகாபைட் அளவில் ஒரு திருத்தம் வந்தது என்பதை மட்டும் சொல்லி மேற்செல்கிறேன்.

அப்பெட்டியின் பின்புறத்தை நான் ஊன்றிப் படித்ததுண்டு. பொட்டலமாக விற்கும் பொருள்களுக்கென 2011-ஆம் ஆண்டு முதல் சட்டமுறை எடையளவு விதிகள் நம் தேசத்தில் உள்ளன. இறக்குமதி செய்தவர் முகவரி, மாதமும் ஆண்டும், வரிகள் உட்பட்ட உச்ச விலை, நிகர அளவு ஆகியன அச்சிடப்படுதல் வேண்டும். ஐந்து ரூபாய் பிஸ்கட்டுப் பொட்டலத்தின்மேலும் இத்தனை கிராம் என்று இருக்கின்றதன்றோ? எங்கள் பெட்டியிலும் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. நிகர அளவு: 1. ஒன்று! எதில் ஒன்று? அதன் கீழே, எறும்பூர்ந்தாற் போன்ற ஆங்கில எழுத்தில், இணைய இணைப்புத் தேவைப்படலாம் என்றிருந்தது. எவ்வளவு என்பதில்லை. பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளுதல் நுகர்வோர் உரிமை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகின்றது. "இப்பெட்டியில் இருப்பது இவ்வளவு, நீர் இறக்கவேண்டியது இவ்வளவு" என்று விலைக்குப் பக்கத்தில், விலையளவு பெரிய எழுத்தில், இரண்டு வரி அச்சிட்டால் போதும். கடை வாயிலிலேயே என் தந்தையார் அதனைப் படித்திருப்பார். நாலாயிரத்தை மடித்து வைத்துக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறியிருப்பார்.

இது செய்யக்கூடாததன்று. 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நின்டெண்டோ கம்பெனியார் 'சுவிட்ச் 2' கருவியை வெளியிட்டபோது, உள்ளே விளையாட்டில்லாது திறவுகோல் மட்டும் உள்ள அட்டைகளையும் உடன் கொண்டுவந்தனர். அவ்வட்டைப் பெட்டிகளின் முன்புறத்திலேயே, இது திறவுகோல் அட்டை, விளையாட்டை இறக்கிக்கொள்ளவேண்டும் என்று எழுதியிருக்கின்றது. அம்முறையைப் பலர் வெறுத்தனர், நானும் விரும்பவில்லை. ஆயினும் இல்லாததை இல்லையென்று முகப்பிலே சொல்லும் நேர்மையை மறுத்தற்கில்லை.

இதனினும் பெரியதோர் அச்சம் உண்டு. தொலைவிலுள்ள சேமிப்பகத்தை உடையவர் ஒருநாள் அதனை மூடிவிட்டால், பெட்டியின் கதி யாது? 2014-ஆம் ஆண்டில் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'தி க்ரூ' என்னும் மோட்டார் ஓட்ட விளையாட்டு, அவர்களுடைய சேவையகத்தைச் சார்ந்தே இயங்கியது. 2024-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள் சேவையகத்தை நிறுத்தினர். அதன்பின் அத்தட்டுக்கள் எவ்வீட்டிலும் ஓடவில்லை. அதனைக் கண்டு ராஸ் ஸ்காட் என்பார் தொடங்கிய இயக்கத்தின் விளைவாக எழுந்த ஐரோப்பிய விண்ணப்பம், 2025-ஆம் ஆண்டு ஜூலையில் பத்து லட்சம் கையொப்பங்களைக் கடந்தது.

ஐரோப்பா கிடக்கட்டும். எங்கள் ரெயில்வே குடியிருப்பில் இரவல் என்றொரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டார் வாங்கிய தட்டு, அவ்வீட்டுப் பையன் ஆடி முடித்ததும் அடுத்த வீடு செல்லும்; அங்கிருந்து வேறொரு தெரு செல்லும். தட்டு வாங்க வகையில்லாத வீட்டுப் பிள்ளைகள் அங்ஙனமே ஆடினர். சென்ற ஆண்டில் கீழ்வீட்டுப் பையன் ஒருவன், உறவினர் கொடுத்த பழைய கருவியொன்றை வைத்துக்கொண்டு, தம்பியிடம் அப்போனஸ் விளையாட்டைக் கேட்டு வந்தான். "தட்டைத் தருவேன், 61 ஜிகாபைட்டை எங்கே போய் வாங்குவாய்?" என்று தம்பி வினவினான். பையன் விழித்தான். பின்பு தம்பி உள்ளே சென்று, அலமாரியின் அடியில் கிடந்த, எல்லாம் தட்டிலேயே அடங்கிய ஒரு பழைய கால்பந்து விளையாட்டைத் துடைத்துக் கொடுத்தனுப்பினான். அஃது இன்னும் திரும்பி வரவில்லை. மூன்றாம் தெருவில் ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.