கியர்பாக்ஸ் மேல் பழி

2004-இல் சார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தேன். விசாவுக்கு ஏஜெண்டிடம் கட்டியது வட்டிப் பணம். அம்மாவின் தோடு அடகில் இருந்தது. மூன்றாவது வாரம் ஃபோர்மேன் கேட்டார்: "எந்த ஊரு?" சொன்னேன். "ஊருல எந்தப் பக்கம்?" அவரும் எங்கள் ஜில்லாதான். அந்தக் கேள்வியின் அர்த்தத்தை இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "காலனிப் பக்கம்ணே" என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் அறையில் மெஸ் கணக்கு இரண்டாகப் பிரிந்தது. கடல் தாண்டினால் விட்டுப்போகும் என்று நினைத்திருந்தேன்.

அதிலிருந்து எனக்கு வண்டிக்கு அடியில்தான் வேலை. சீட்டில் உட்காரக் கூடாது, அழுக்காகுமாம். எனக்கு அது புதுசில்லை. ஊர்ப் பட்டறையிலும் அடியில் படுத்துத்தான் தொழில் கற்றேன். மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குக் கியர் லீவர் தெரியும். லீவருக்கும் பாக்ஸுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது கீழே கிடக்கிறவனுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் 1984 மாடல் போர்ஷே 911 கரேரா வந்தது. இரண்டாவது கியரில் பல் கடிக்கிறது, ரிவர்ஸைத் தேட வேண்டியிருக்கிறது. ஃபோர்மேன் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, "சிங்க்ரோ போச்சு. பாக்ஸை இறக்கணும்" என்றார். அந்த வண்டியில் எஞ்சின் பின்னால், பாக்ஸ் அதற்கு முன்னால். இரண்டையும் சேர்த்தே இறக்குவது வழக்கம். ஓனருக்கு ஆயிரக்கணக்கில் திர்ஹம் செலவு.

நான் கதவோரம் நின்றபடியே லீவரை ஆட்டிப் பார்த்தேன். கூழ்ப்பானையில் விட்ட அகப்பை மாதிரி ஆடியது. அதன் அடியிலிருந்து ஒரு ராடு நடுச் சுரங்கம் வழியாகப் பின்னால் போகிறது. பின்சீட்டுகளுக்கு நடுவே ஒரு கப்ளிங் அதை பாக்ஸின் தண்டோடு இணைக்கிறது. ராடுக்கு இரண்டு வேலை: திரும்புவது, முன்னும் பின்னும் போவது. திரும்பினால் எந்தக் கியர் வரிசை என்று தேர்வாகிறது. தள்ளினாலோ இழுத்தாலோ கியர் விழுகிறது. கப்ளிங்கில் இரண்டு பிளாஸ்டிக் புஷ். ராடைத் தாங்க ஒரு புஷ். லீவருக்குக் கீழே உருண்டை உட்காரும் ஒரு கிண்ணம். வயசாகிச் சூட்டில் காய்ந்தால் இவை தேயும், வெடிக்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆட்டம் என்றாலும் எல்லாம் சேரும். லீவர் கீழே குட்டை, மேலே நெட்டை. கீழே ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் கைப்பிடியில் பல மடங்காகத் தெரியும். கை முழுசாகத் தள்ளியும் கியர் முழுசாக விழாது.

"அண்ணே, முதல்ல லிங்கேஜைப் பாத்திரலாம்" என்றேன்.

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? உங்காளுங்களுக்கு எடம் குடுத்தா இப்பிடித்தான். தப்பாப் போச்சு, டிக்கெட் போட்டு அனுப்பிருவேன்."

தோடு ஞாபகம் வந்தது. ஆனாலும் மத்தியான இடைவேளையில் லேத் வேலை பார்க்கும் பெஷாவர்க்காரரைக் கூப்பிட்டேன். அவர் சீட்டில் உட்கார்ந்து லீவரை ஆட்டினார். நான் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கி, பிளேட்டின் ஸ்குரூக்களைக் கழற்றிப் பார்த்தேன். கப்ளிங்கின் முன்பாதி திரும்புகிறது, பின்பாதி சும்மா நிற்கிறது. அப்புறம்தான் அசைகிறது. கழற்றினேன். புஷ் இரண்டும் காய்ந்த சுண்ணாம்பாக உள்ளங்கையில் உதிர்ந்தன. அப்படியே ஃபோர்மேனிடம் நீட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

புது புஷ்கள் வாங்கிப் போட்டோம். பாக்ஸை நியூட்ரலில் வைத்து, கிளாம்பைத் தளர்த்தி, லீவரைச் சரியான நிலையில் நிறுத்தி இறுக்கினேன். இரண்டாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது. பாக்ஸைத் தொடவே இல்லை.

"நான்தான் கண்டுபுடிச்சேன்" என்று ஃபோர்மேன் ஓனரிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. லீவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் கிட் போடலாமா என்று ஓனர் கேட்டிருக்கிறார். சாயங்காலம் ஃபோர்மேன் என்னிடம் வந்து மெல்ல விசாரித்தார். சொன்னேன்: "போடலாம்ணே. தூரம் குறையும், ஆனா கை பலம் கூட வேணும். அந்த பாக்ஸ் அவசரப்பட்டா ஒத்துக்காது. வெண்கல புஷ் போட்டா ஆட்டம் இருக்காது, ஆனா பாக்ஸோட அதிர்வு கைக்கு வரும். இப்ப இருக்கிறதே போதும்." அதையும் தன் யோசனையாகவே சொன்னார். மெஸ் கணக்கு பிரிந்தது பிரிந்ததுதான்.

இன்றும் நம் பிள்ளைகள் பரீட்சையில் தடுமாறினால் உடனே "தகுதியில்லை, திறமையில்லை" என்கிறார்கள். பாக்ஸ் மேல் பழி. நடுவில் இருப்பதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பஸ் ஏன் காலனிக்கு வரவில்லை? வாத்தியார் அவனை ஏன் கடைசி பெஞ்சில் வைத்தார்? கேட்டவனை ஏன் அடித்தார்கள்? தலைமுறை தலைமுறையாக உதிர்ந்த புஷ்கள் இவை.

20 வருஷத்துக்கு மேலாகிவிட்டது. தோட்டை மீட்டுவிட்டேன். அந்தக் கரேராவின் கியரைச் சரிசெய்தவன் நான். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.