ஷாக்கப்சர் பாரம் சுமக்காது

செம்பரம்பாக்கம் என்றதும் வெளியூர் ஆட்களுக்கு ஏரிதான் ஞாபகம் வரும். 2015 டிசம்பருக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். உள்ளூர்க்காரனான எனக்கு முதலில் ஞாபகம் வருவது பெங்களூர் ரோடுதான். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. அதற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று கம்பெனிகள் வரிசையாக வந்துவிட்டன. அத்தனை கம்பெனிகளிலும் ஷிப்டுக்கு ஷிப்டு ஆட்கள் சாப்பிட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். அந்தச் சாப்பாட்டையும் தண்ணீர் கேனையும் பெரும்பாலும் கொண்டுபோய்ச் சேர்ப்பவை சின்ன லோடு வேன்கள். 2005-இல் டாடா கொண்டுவந்த ஏஸ் வண்டிக்கு நம் ஜனங்கள் ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்தார்களே, அதுதான் இந்த ரோட்டில் அதிகம்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் அப்படி ஒரு பழைய குட்டி யானையை வாங்கித் தண்ணீர் கேன் போடுகிறான். நான் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், வண்டியில் எது என்றாலும் என்னிடம் வந்துவிடுவான். போன மாதம் வந்தான்.

“பெரிப்பா, வண்டி ரொம்ப ஆடுது. லோடு ஏத்தினா பின்னாடி உக்காந்துடுது. லோடு தாங்கற மாதிரி நல்ல ஹெவியான ஷாக்கப்சரா ஒண்ணு சொல்லுங்க, மாத்திடறேன்.”

இதே கேள்வியை என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஆடுவது வேறு, உட்காருவது வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

நம் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் சுலபமாகப் புரியும். கட்டை வண்டியில் போனவர்களும் உண்டு, வில் வண்டியில் போனவர்களும் உண்டு. கட்டை வண்டியில் அச்சு வாங்கும் அடி அப்படியே முதுகுக்கு வரும். வில் வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே இரும்புப் பட்டைகளை அடுக்கி வளைத்த வில் இருக்கும். பாரத்தைச் சுமப்பது அந்த வில்தான். குட்டி யானையின் அடியில் இருப்பதும் அதே பட்டை ஸ்பிரிங்தான். ஆனால் வில் அமுங்கினால் திரும்ப எழும்பும், எழும்பினால் மறுபடி அமுங்கும். மாடு இழுக்கும் வேகத்தில் அது பெரிய தொல்லை இல்லை. பட்டைகள் ஒன்றோடொன்று உரசியே ஆட்டம் அடங்கிவிடும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அந்த உரசல் போதாது. அதற்காகத்தான் ஷாக்கப்சர்.

அதற்குள்ளே இருப்பது ஒரு குழாய், ஒரு பிஸ்டன், கொஞ்சம் ஆயில். பிஸ்டனில் உள்ள சிறு துவாரங்கள் வழியாக ஆயில் கஷ்டப்பட்டுத்தான் போய் வர முடியும். அந்தக் கஷ்டம்தான் ஆட்டத்தை அடக்குகிறது. ஆட்டத்தின் சக்தி சூடாக மாறி வெளியே போய்விடும். சாதாரணமாக, வில் அமுங்கும்போது கொஞ்சமாகவும், எகிறும்போது அதிகமாகவும் தடுக்கும்படி வால்வு வைத்திருப்பார்கள். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் இந்த ஷாக்கப்சர் ஒரு கிலோவைக்கூடத் தாங்குவதில்லை என்றே சொல்லலாம்.

பையனின் வண்டியைப் பார்த்தேன். கேன் ஏற்றிய பிறகு பின் பட்டையில் வளைவே இல்லை, பலகை மாதிரி நேராக இருந்தது. மேலே இருக்கும் ரப்பர் கட்டையில் அச்சு இடித்த தடம். ஒரு ரவுண்டு ஓட்டி வரச் சொல்லி, இரண்டு பின் ஷாக்கப்சரையும் தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம் சூடு, வலது பக்கம் சில்லென்று இருந்தது. சூடாக இருப்பது வேலை செய்கிறது. சில்லென்று இருப்பது செத்துவிட்டது. வலது பக்கத்தில் ஆயில் வழிந்து மண் ஒட்டியிருந்ததும் அதையே சொன்னது. அந்தப் பக்கத்து டயர் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. சக்கரம் ரோட்டில் பதியாமல் குதித்துக் குதித்து ஓடினால் டயர் அப்படித் தேயும். குதிக்கிற சக்கரத்தில் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

“எத்தனை கேன் ஏத்தற?” என்று கேட்டேன்.

“அம்பது, பெரிப்பா.”

ஒரு கேனில் 20 லிட்டர். 50 கேன் என்றால் தண்ணீர் மட்டுமே 1000 கிலோ. காலிக் கேனுக்கும் எடை உண்டு. அவனுடைய மாடலுக்குக் கம்பெனி சொல்லும் பாரம் 750 கிலோ. கணக்குப் போட்டால் 35 கேன்தான் வரும்.

எந்த ஷாக்கப்சர் போடுவது என்ற பேச்சுக்கு அதற்குப் பிறகுதான் வந்தோம். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் நான் சொன்னதை எழுதுகிறேன். ஒன்று கெட்டாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் அடங்கும், மறு பக்கம் ஆடும். தடிமனைப் பார்த்து வாங்கக் கூடாது, வண்டியின் பார்ட் நம்பரைப் பார்த்து வாங்க வேண்டும். நீளம் முக்கியம். குட்டையாக இருந்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது இழுபட்டு அறுந்துபோகும். நீளமாக இருந்தால் வண்டி அமுங்கும்போது உள்ளே இடித்து உடையும். ஆயில் மட்டும் உள்ளது, கேஸும் சேர்ந்தது என்று இரண்டு வகை கிடைக்கும். நாள் முழுக்க லோடோடு ஓடும் வண்டியில் ஆயில் சூடேறி நுரைக்கும், நுரைத்தால் பிடிப்புப் போய்விடும். கேஸ் அழுத்தம் அந்த நுரையைக் குறைக்கும். அந்த வண்டிக்கென்று கேஸ் வகை கிடைத்தால் அதுவே மேல்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எல்லா விலையிலும் சரக்கு உண்டு. கேப்ரியல் மாதிரி 1961-இலிருந்து இதையே தொழிலாகச் செய்கிற கம்பெனிகளின் சரக்கும் கிடைக்கும், பெயிண்ட் அடித்துப் புதிதுபோல் மினுக்கும் பழைய சரக்கும் கிடைக்கும். பில் கொடுக்கிற கடையில் வாங்குவது நல்லது. மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுசாக இழுத்து அமுக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று விலகி, சீராகத் தடுக்க ஆரம்பிக்கும். ஜாக்கியை இறக்கி, வண்டி சக்கரத்தில் நின்ற பிறகுதான் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “அப்ப எக்ஸ்ட்ரா பட்டை ஒண்ணு போட்டுக்கட்டுமா?” என்றான். பட்டறையில் அப்படி யோசனை சொல்லியிருக்கிறார்கள். பட்டை ஏற்றினால் வண்டி நிமிரும், பார்வைக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் பிரேக் அதேதான், அச்சு அதேதான், டயரும் அதேதான். நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து இன்னும் பத்து கேன் ஏற்றத் தோன்றும். பணிமனையில் இதற்கு நேர்மாறாகப் பார்த்திருக்கிறேன். படிக்கட்டில் கூட்டம் தொங்கித் தொங்கி பஸ் இடது பக்கம் சாயும். பட்டையை மாற்றினால் சில நாள் நேராக நிற்கும். கூட்டம் அதேதான், மறுபடி சாயும்.

அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. தினமும் 100 கேன் போட வேண்டும். இரண்டு நடையில் முடித்தது, 35 கேன் என்றால் மூன்று நடையாகும். டீசல் கூடும். கேன்டீனில் காலை ஷிப்டுக்கு முன்னால் இறக்கியாக வேண்டும். 1250 கிலோ ஏற்றும் தோஸ்த் மாதிரி வண்டி இருந்தால் ஐம்பது கேனையும் தாராளமாக ஏற்றலாம். இந்த வண்டிக்கே இன்னும் 14 மாதத் தவணை பாக்கி. அதிக பாரத்துக்கு 2019 திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாயிலிருந்து ஆரம்பம் என்று சொன்னேன். அதற்கு அவன் அசரவில்லை.

“முன் சீட்ல உன் தம்பி உக்காந்து வர்றான் இல்ல?” என்று கேட்டேன். பாலிடெக்னிக் படிக்கிற பையன், காலேஜுக்குப் போகுமுன் கேன் இறக்கிக் கொடுக்க வருகிறான். அதற்கு மட்டும் அவன் பதில் சொல்லவில்லை.

இரண்டு பின் ஷாக்கப்சரையும் மாற்றிவிட்டான். உட்கார்ந்த பட்டைகளுக்குப் பதிலாகக் கம்பெனி அளவிலேயே புதுக் கட்டுப் போட்டான், கூடுதல் பட்டை போடவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கே முதல் நடை கிளம்புகிறது, மூன்று நடை ஓட்டுகிறான். தவணை முடிந்ததும் பெரிய வண்டி பார்ப்பதாகச் சொல்கிறான். டீசல் செலவு கணக்கில் இடிக்கிறது என்று அவன் அம்மா என்னிடம் கொஞ்சம் வருத்தமாகத்தான் பேசுகிறாள். அவள் வருத்தத்திலும் தப்பில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ லோடு வண்டி ஓட்டுகிற பிள்ளைகள் இருந்தால், ஷாக்கப்சர் வாங்கப் போகுமுன் ஒரு தடவை எடை மேடையில் ஏறிவிட்டு வரச் சொல்லுங்கள்.