அளவும் அமானிதமும்

நகை செய்யக் கொடுக்கும்போது சவரனைக் கிராமாக மாற்றிப் பார்க்காத குடும்பம் இல்லை. ஒரு சவரன் எட்டுக் கிராம், பெருக்கினால் போதும். ஆனால், "ஒரு படி எத்தனை கிலோ?" என்று எவரேனும் வினவினால், "படியில் இருப்பது அரிசியா, பொரியா?" என்று கேட்காமல் நாம் விடை கூற இயலாது. முன்னது வெறும் பெயர் மாற்றம். பின்னது பொருளைப் பொறுத்த மாற்றம். காந்தப் புலத்தின் அலகுகளிலும் இவ்விரு வகைகளும் உண்டு. எஃகு வெல்டிங் இணைப்புகளைச் சோதிக்கும் தொழிலில் பல்லாண்டுகள் கழித்த நமக்கு, இந்த வேறுபாடு ஏட்டோடு நின்றுவிடும் செய்தியன்று.

அச்சோதனையின் முறை எளியது. எஃகைக் காந்தமாக்கி, அதன் மீது நுண்ணிய இரும்புத் துகளைத் தூவுவோம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருப்பின், அவ்விடத்தில் புலம் வெளியே கசியும். துகள்கள் அங்கே திரண்டு கோடாகக் காட்டிக்கொடுக்கும். புலம் குறைந்தால் விரிசல் தென்படாது. மிகுந்தாலோ, துகள்கள் எங்கும் ஒட்டிக்கொண்டு விரிசலை மறைத்துவிடும். ஆகவே, அளவே இங்கு உயிர்.

அளக்க வேண்டியவை இரண்டு. காந்தமாக்கும் புலத்தின் செறிவு ஒன்று. அதனால் பொருளினுள் விளையும் காந்தப் பாய அடர்த்தி மற்றொன்று. முற்காலத்தில் இரண்டையும் காஸ் என்றே வழங்கியதுண்டு. 1930இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம், பாய அடர்த்திக்குக் காஸ் என்றும் புலச் செறிவுக்கு ஓர்ஸ்டெட் என்றும் பிரித்து வைத்தது. 1820இல் மின்னோட்டத்தின் அருகே காந்த ஊசி திரும்பக் கண்ட டென்மார்க் அறிஞரின் பெயர் அது. 1960இல் டெஸ்லா என்னும் அலகும் ஏற்கப்பட்டது.

ஒரு டெஸ்லா 10,000 காஸ். ஓர் ஓர்ஸ்டெட், மீட்டருக்கு ஏறத்தாழ 79.58 ஆம்பியர். இவை சவரன் கணக்குகள். புலச் செறிவிலிருந்து பாய அடர்த்திக்குச் செல்வதோ படிக் கணக்கு. காற்றில் ஓர் ஓர்ஸ்டெட்டுக்கு ஒரு காஸ், எஃகினுள் அவ்வாறன்று.

ஒருமுறை நம்முடன் பணியாற்றிய இளைஞர் ஒருவர் திகைத்து நின்றார். பின்பற்ற வேண்டிய நெறிமுறை, உலோகத்தினுள் 1 டெஸ்லா வேண்டும் என்றும், அதற்கு மேற்பரப்பில் மீட்டருக்கு 2,000 ஆம்பியர் போதும் என்றும் கூறிற்று. கையிலிருந்த கருவியோ காஸ் காட்டுவது.

"பாய், 1 டெஸ்லா என்றால் 10,000 காஸ் அல்லவா? கருவி 25தானே காட்டுகிறது! மின்னோட்டத்தை ஏற்றட்டுமா?" என்றார்.

"வேண்டாம், தம்பி. 2,000ஐ 79.58ஆல் வகுத்துப் பாருங்கள்" என்றோம்.

வகுத்தார், 25 வந்தது. கருவி அளப்பது மேற்பரப்பை ஒட்டிய காற்றில் உள்ள புலத்தை. மேற்பரப்பின் வழியே செல்லும் புலச் செறிவு உள்ளும் புறமும் ஒன்றே. ஆனால் அதே செறிவு காற்றில் 25 காஸையும், அவ்வகை எஃகினுள் 10,000 காஸையும் விளைவிக்கிறது. ஏறத்தாழ நானூறு மடங்கு வேறுபாடு! கணக்கில் பிழையில்லை, படியில் இருந்த பொருள்தான் வேறு.

நாம் எழுதித் தரும் அறிக்கையை நம்பி, முன்பின் அறியாத ஒருவர் பாரந்தூக்கியின் அருகே நின்று வேலை செய்கிறார். அவருடைய உயிர் அந்த எண்ணில் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். எனவே எண்ணை எழுதினால் அதன் அலகையும், அளந்தது காற்றிலா உலோகத்திலா என்பதையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். விடைத்தாளில் அலகை விட்டதற்காக ஆசிரியர் அரை மதிப்பெண் குறைத்தார் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் முறையிடுவார்களானால், பெற்றோர் அவ்வாசிரியரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அந்த அரை மதிப்பெண்ணின் விலையை அப்பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லுங்கள்.