உழுதவன் கையில் பட்டா இல்லை!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வோமெல்ஸ்டார்ஃப் என்ற சிற்றூரை ஒட்டி ஒரு பழைய பண்ணை இருக்கிறது. கல் வீடு, நிழல் மரங்கள், இரண்டொரு கல்லறைகள். சுற்றிலும் கோதுமைக்குப் பேர்போன சுண்ணாம்புச் சத்துள்ள மண். 1729-ல் இங்கே குடியேறியவர் கான்ராட் வைசர் என்ற ஜெர்மானிய விவசாயி. இந்த மண்ணுக்கு வந்து சேர்வதற்குள் அவர் குடும்பம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

1709-ன் கடுங்குளிரில் ஜெர்மனியில் திராட்சைக் கொடிகள் கருகின. போரும் வரியும் ஏற்கெனவே குடியானவர்களை வாட்டிக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு லண்டன் போனார்கள். தாயை இழந்த 12 வயது கான்ராட்டும் தந்தையோடு கிளம்பினான். ஆங்கில அரசு 1710-ல் அவர்களை நியூயார்க்குக்குக் கப்பலேற்றியது. கப்பல் செலவுக்கு ஈடாக, கடற்படைக்குப் பைன் மரத்திலிருந்து தார் எடுத்துத் தரவேண்டும் என்பது நிபந்தனை. தார் எடுக்கும் வேலை தோற்றது. 1712-ல் அரசு தந்துவந்த உணவும் நின்றது.

பசியோடு அவர்கள் ஸ்கோஹாரி பள்ளத்தாக்குக்கு நடந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் கான்ராட்டை மோஹாக் பூர்வகுடிகளின் கிராமத்தில் விட்டார் தந்தை. குளிரிலும் பட்டினியிலும் கிடந்து அவர்கள் மொழியைக் கற்றான் அந்தப் பிள்ளை.

மோஹாக் மக்களிடம் பேசி, காடு திருத்தி, பயிர் வைத்தாயிற்று. ஆனால் ஆளுநரோ அதே நிலத்தைச் செல்வந்தர் சிலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 'விலை கொடு, குத்தகை கொடு, இல்லையென்றால் வெளியேறு' என்று நெருக்கினார்கள். நியாயம் கேட்டு லண்டன் போன கான்ராட்டின் தந்தை, கடனுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். சிலர் பணிந்தார்கள். சிலர் 1723-ல் மூட்டை கட்டிக்கொண்டு, ஆற்று வழியாகப் பென்சில்வேனியாவின் டுல்பஹாக்கன் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். ஆறு ஆண்டு கழித்து கான்ராட்டும் வந்து சேர்ந்தார்.

இங்கேயும் வில்லங்கம் இருந்தது. அது லெனாப்பி பூர்வகுடிகளின் நிலம். 'எங்களிடம் வாங்காத மண்ணில் குடியேறியிருக்கிறார்கள்' என்று அவர்கள் தலைவர் சசூனன் 1728-லேயே முறையிட்டிருந்தார். 1732-ல்தான் அரசு விலை கொடுத்து வாங்கியது. அதன் பிறகே குடியேறியவர்களின் உரிமை உறுதியானது.

பட்டினியில் கற்ற மொழி வைசரைப் பெரிய மொழிபெயர்ப்பாளர் ஆக்கியது. அரசுக்கும் பூர்வகுடிகளுக்கும் நடுவே பல ஆண்டுகள் பேசிச் சமாதானம் காத்தார். ஆனால் அவர் முன்னின்ற ஒப்பந்தங்கள் வழியாகவே பூர்வகுடிகளின் நிலம் மேலும் மேலும் கைமாறியது.

1760-ல் இறந்த வைசரின் கல்லறை இந்தப் பண்ணையிலேயே இருக்கிறது. பட்டா இல்லாமல் ஓரிடத்தில் விரட்டப்பட்டவருக்கு, கடைசியில் சொந்த மண் கிடைத்தது. அதே மண்ணில் அவருக்கு முன்பே மக்காச்சோளம் விதைத்துவந்த லெனாப்பி மக்கள், மேற்கே போய்க்கொண்டே இருந்தார்கள்.