நாய்க்கும் ஒரு மலசலகூடம்

மலசலகூடத்தைப் பற்றி எழுதுவதும் இலக்கியமாகுமா என்று கேட்கும் நண்பர்கள் எமக்குச் சிலர் உளர். நாயின் மலசலகூடத்தைப் பற்றி எழுதப் போகிறோம் என்றால் அவர்கள் எழுந்தே போய்விடுவார்கள். போகட்டும். வயிறுள்ள உயிர் எதுவாயினும் உண்டதைக் கழித்தே தீரும்; கழித்ததை ஏதோ ஒரு கை அள்ளியே தீரும். அந்தக் கை யாருடையது என்ற கேள்வியில் ஒரு சமுதாயத்தின் யோக்கியதை பெரிதும் அடங்கிக் கிடக்கிறது என்பது எமது துணிபு. கடந்த மாரிகாலத்தில் இக்கேள்வியை எம்முன் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு கிழட்டு நாய்.

ஏறாவூரில் நாய் வீட்டுக்குள் வாழும் பிராணியன்று. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் இது. அயலிலே தமிழ்க் குடியிருப்புகள். எங்கள் மத்ஹபின்படி நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். அதே மார்க்கத்தில்தான், கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் முகந்து வந்து, தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்கு ஊட்டிய மனிதனின் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற செய்தியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எங்கள் மூத்தோர் கற்றார்கள். ஆகவே எங்கள் தெருக்களில் நாய்க்குச் சோறு உண்டு. வாசற்படிக்கு மேலே இடம் இல்லை. அயலிலுள்ள தமிழர் வீடுகளில் அது வளவைக் காக்கும். எங்கும் மணல். நாய் தன் பாட்டுக்கு ஒதுங்கும். காலால் மணலைத் தள்ளும். அத்தோடு விஷயம் முடிந்துவிடும். நாய் எங்கே போகும் என்று எவரும் யோசித்ததில்லை.

யோசிக்க நேர்ந்தது ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு. எமக்கு எழுத்தறிவித்தவர் அவர். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்டார்கள். இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை செய்து, இப்போது கைத்தடியின் துணையோடு நடமாடுகிறார். வீட்டில் உடனிருக்கும் ஒரே ஜீவன் பதினொரு வயது நாய். மாரி வந்து வளவெல்லாம் முழங்காலளவு தண்ணீர் நின்றபோது, நாய் படியிறங்க மறுத்தது. வெள்ளம் வடிந்த பின்னரும் அதன் பின்னங்கால்கள் படிகளுக்கு இணங்கவில்லை. விறாந்தையும் நடுவீடும் நாறத் தொடங்கின.

“தம்பி, இவனுக்கு வீட்டுக்குள்ளயே ஒரு கக்கூஸ் வேணும். என்னமாதிரிச் செய்யலாம் எண்டு பாத்துச் சொல்லுங்க” என்றார் ஆசிரியை.

அன்று மாலையே இன்னொருவரும் எம்மிடம் பேசினார். ஆசிரியைக்குச் சமைத்து, வீடு கூட்டி, துணி துவைத்துக் கொடுக்கும் ராத்தா அவர். எங்கள் பகுதியைச் சேர்ந்தவர். “தம்பி, ரீச்சரத் தூக்கிக் குளிப்பாட்டச் சொன்னாலும் செய்வன். அந்த நாய்ட அழுக்க மட்டும் என்ட கையால அள்ளச் சொல்லாதீங்க” என்றார். மார்க்கத்தின் காரணமாக மாத்திரம் அவர் இதைச் சொல்லவில்லை. வளைகுடா நாடொன்றில், மாடிவீடொன்றில், ஆறு வருடம் பணிப்பெண்ணாக இருந்தவர் அவர். அந்த வீட்டு நாய்க்குப் பலகணியில் உறிஞ்சுவிரிப்பு விரித்திருந்தார்கள். காலையும் மாலையும் அதைச் சுருட்டிக் கட்டி, தரையைக் கழுவி, புதிய விரிப்பை விரித்தது அவருடைய கை. நாயைக் கொஞ்சியது வேறு கை.

ஆசிரியை அவரிடம் இந்த வேலையைச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் சொல்லாமலே அது அவர் தலையில் விழும் என்பது ராத்தாவுக்குத் தெரிந்திருந்தது, எமக்கும் தெரிந்தது. அழுக்கு வேலை எப்போதுமே இப்படித்தான் ஆள் தேடிக்கொள்கிறது. எவரும் கட்டளையிடுவதில்லை, இருப்பவர்களுள் யார் மறுக்க முடியாதவரோ அவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வரலாறு இதற்குச் சாட்சி சொல்லும். குழாயை வளைத்து, அந்த வளைவிலே சிறிது நீரைத் தேக்கி, நாற்றத்தைத் தடுக்கும் உபாயத்துக்கு அலெக்சாந்தர் கமிங் என்பவர் லண்டனில் காப்புரிமை பெற்றது 1775ஆம் ஆண்டில். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வாளிக் கக்கூஸ்கள் இருந்தன. அவற்றைச் சுமப்பதற்கென்றே தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டார்கள். ஆலப்புழையில் மூன்று தலைமுறையாக மலம் சுமந்த ஒரு குடும்பத்தின் கதையைத் தகழி 1947இல் ‘தோட்டியின் மகன்’ என்ற நாவலாக எழுதினார். சுந்தர ராமசாமி அதைத் தமிழுக்குத் தந்தார். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க இந்தியாவில் 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமற் போய் 2013இல் இன்னொன்றும் வந்தது. கமிங்கின் வளைகுழாய் கையிலிருந்தும், மனிதன் மனிதனுடைய மலத்தை அள்ளினான் என்றால், விஞ்ஞானம் இல்லாத குறையா அது? மறுக்க முடியாத மனிதர்கள் மலிவாகக் கிடைத்தார்கள் என்பதே காரணம்.

ஆகவே நாய்க்குரிய மலசலகூடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் ஓர் உரைகல்லை வைத்துக்கொண்டோம். நாயை நேசிப்பவர் தம் கையாலேயே அதைத் துப்புரவாக்க முடிய வேண்டும். ஆசிரியையோ குனிய முடியாதவர். குனியாமல் அவரால் கழுவ முடிந்தால் அதுவே சரியான மலசலகூடம். முடியாவிட்டால் எத்தனை விலை உயர்ந்ததாயினும் அது ராத்தாவின் தலையில் வைக்கும் இன்னொரு வாளிதான்.

இந்த உரைகல்லில் ஒவ்வொன்றாக உரைத்துப் பார்த்தோம்.

முதலாவது, கடைகளில் கிடைக்கும் உறிஞ்சுவிரிப்பு. குழந்தைகளுக்குக் கட்டும் அணையாடையின் இனம் அது. மேலே மெல்லிய துணி, நடுவிலே நீரைக் குடித்துக் களியாக மாறும் இரசாயனத் தூள், அடியிலே பிளாஸ்ரிக் தாள். குட்டி நாய்க்கும் நோயுற்ற நாய்க்கும் சில நாட்களுக்கு உதவும். ஆனால் ஒவ்வொரு விரிப்பையும் குனிந்துதான் எடுக்க வேண்டும். எடுத்ததை எங்கே போடுவது? மண்ணில் மக்காது, வளவில் எரித்தால் நச்சுப் புகை. குப்பையிலே போட்டால் நகரசபைத் தொழிலாளியின் கைக்குப் போகும். கை மாறுகிறதே தவிர அழுக்கு மாறவில்லை.

இரண்டாவது, தட்டின்மேல் பிளாஸ்ரிக் புல். பார்வைக்கு அழகு. ஆனால் புல்லின் அடியில் சிறுநீர் தங்கும். எமது வெக்கையில் ஒரே நாளில் அதன் நெடி மூக்கைத் துளைக்கும். தினமும் தூக்கிச் சென்று அலச வேண்டும். பாரமும் அதிகம்.

மூன்றாவது, மண்ணோடு சேர்ந்த உண்மையான புற்பத்தை. நாய்க்கு இதுவே பிரியம். ஆனால் ஓரிரு வாரங்களில் புல் கருகிவிடும். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான்காவது, சல்லடை போட்ட தட்டு. சிறுநீர் கீழே இறங்கிவிடும். நாயின் பாதம் நனையாது. இதுவே நல்லதென்று கண்டோம். ஆயினும் கடைத் தட்டுகள் சின்னஞ்சிறு நாய்களுக்கென்று செய்யப்பட்டவை. நாய் கழிக்குமுன் சுற்றிச் சுற்றி வரும் சுபாவமுடையது; அதன் முழு உடலும் தட்டுக்குள்ளே திரும்ப இடம் வேண்டும். மேலும் தட்டில் நிறைந்ததைத் தூக்கி ஊற்றுவது யார்?

எனவே கடையை விட்டுக் கொத்தனாரிடம் போனோம். பின் விறாந்தையின் ஒரு மூலையில், நாய் உண்ணும் இடத்துக்கும் உறங்கும் இடத்துக்கும் தொலைவில், மூன்றரை அடிச் சதுரத்தில் ஆழமில்லாத சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டினார். தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். சரிவின் முடிவில் துவாரம். துவாரத்தின் கீழே கமிங்கின் அதே வளைகுழாய். அங்கிருந்து வீட்டு மலசலகூடக் குழிக்கு ஒரு குழாய். தொட்டியின்மேல், வாவியில் மீன்பிடிப்போர் கழித்துவிட்ட பிளாஸ்ரிக் மீன்பெட்டிகளின் அடித்தட்டுகளை வெட்டிச் சல்லடையாகப் பரப்பினோம். ஆண் நாயாதலால் கால் தூக்க ஒரு சிறு தூண். இடுப்பு உயரத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் றப்பர்க் குழாயும். பக்கத்தில் நீண்ட பிடியுள்ள அகப்பைபோன்ற தகரக் கோலி ஒன்று. ஆசிரியை கதிரையில் அமர்ந்தபடியே மலத்தைக் கோலியில் எடுத்து, மனிதர் மலசலகூடத்தில் இட்டு, தொட்டியைக் கழுவிவிடலாம்.

குழிக்கு ஏன் குழாய், வளவில் விட்டால் என்ன என்று கொத்தனார் கேட்டார். நியாயமான கேள்வி. எமது மண் மணல். சில முழம் தோண்டினாலே தண்ணீர். மேலே ஊற்றியது கிணற்றுக்குப் போக அதிக காலம் வேண்டியதில்லை. வடிகானில் விட்டாலோ அது வாவியைத்தான் சேரும். முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கிடக்கும் மாதங்களில் வாவிக்கு வந்தது கடலுக்குப் போகாது; அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். அந்த நீரில்தான் எங்கள் மீனவர் இடுப்பளவு இறங்கி நிற்கிறார்கள்.

நோயும் உண்டு. இலங்கையில் ஒரு புனுகுப் பூனையின் குடலில் கண்ட கொக்கிப் புழுவுக்கு 1911இல் லூஸ் என்ற விஞ்ஞானி இத்தீவின் பெயரையே இட்டார்: அன்சைலோஸ்டோமா சிலானிக்கம். நாயிலும் வாழும், மனிதனிலும் வாழும் புழு அது. நாயின் மலத்தோடு விழும் முட்டை, ஈர மணலில் ஓரிரு நாளில் பொரித்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் வெறுங்காலைத் துளைக்கும் பருவத்தை அடைகிறது. 1916இல் றொக்பெல்லர் மன்றத்தினர் இந்நாட்டுத் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, மருந்தோடு மலசலகூடத்தையும் வலியுறுத்தினார்கள். மலம் மண்ணில் விழும்வரை மருந்தினால் மட்டும் மீட்சியில்லை. நாய்க்கும் அதே கணக்குத்தான். அன்றன்றே அள்ளினால் புழுவின் ஆயுள் அங்கேயே முடிந்துவிடும். வீட்டுக்குள் நாய்க்கு மலசலகூடமா என்று முகம் சுளிப்பவர்கள், வெறுங்காலோடு பிள்ளைகள் விளையாடும் மணலைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். சிறுநீரால் எலிக்காய்ச்சல் கிருமியும் பரவக்கூடும். 2008இல் இந்நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அக்காய்ச்சலின் சந்தேகத்துக்கு ஆளானார்கள். அது பெரும்பாலும் எலிகளோடும் வயல்களோடும் தொடர்புடைய நோயாயினும், நாய்க்கு அதற்குரிய தடுப்பூசியை மறக்கக் கூடாது. கழுவுபவர் கையுறை அணிய வேண்டும்.

இனி நாய் சம்மதிக்க வேண்டுமே! பிறந்தது முதல் மணலிலே ஒதுங்கிய பிராணி பிளாஸ்ரிக் சல்லடையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குட்டிப் பருவத்தில் எந்தத் தரையில் பழகியதோ அதையே நாயின் பாதம் தேடும். எனவே சல்லடைமேல் சாக்கு விரித்து, வளவு மணலைப் பரப்பினோம். அதன் சிறுநீர் ஊறிய பழந்துணியொன்றையும் வைத்தோம். உண்ட பின்னும் உறங்கி எழுந்த பின்னும் ஆசிரியை அதைக் கயிற்றோடு அழைத்துச் சென்று நின்றார். சரியாகச் செய்தபோது ஒரு துண்டுக் கருவாடு. தவறியபோது திட்டவுமில்லை, மூக்கைத் தரையில் தேய்க்கவுமில்லை. அப்படித் தண்டித்தால் நாய் கற்பது ஒன்றே ஒன்று: மனிதன் காணாத மூலையில் போவது. நாளுக்கு நாள் மணலைக் குறைத்தோம். மூன்றாம் வாரம் வெறும் சல்லடையிலேயே அது போயிற்று. நடுவீட்டை அமோனியா கலந்த திரவத்தால் கழுவாமல் வினாகிரி கலந்த நீரால் கழுவினோம். அமோனியாவின் நெடி சிறுநீரைப் போன்றிருப்பதால் நாயை அதே இடத்துக்கு மீண்டும் அழைக்கும்.

இப்போது தினமும் காலையில் ஆசிரியை கதிரையைப் போட்டு அமர்ந்து, கையுறை மாட்டி, தம் நாயின் மலசலகூடத்தைத் தாமே கழுவுகிறார். அந்நேரம் ராத்தா அடுப்படியில் பிட்டு அவித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் ஆசிரியை எம்மிடம், “இத்தின வருசம் மனிசர்ர கக்கூச யார் கழுவினது எண்டு நான் கேட்டதேயில்ல” என்றார். பள்ளிக்கூடத்தில் எமக்கு எத்தனையோ பாடம் நடத்தியவர் அவர். இதுவும் ஒரு பாடமாகவே எம் காதில் விழுந்தது.

இலங்கை இத்துறையில் பின்தங்கிய நாடன்று. ஆசியாவின் முதற் சுகாதாரப் பகுதிகளில் ஒன்று 1926இல் களுத்துறையில் அமைந்தது. இன்று வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் மலசலகூடம் உண்டு. வாளி போய்விட்டது, தலைச்சுமை போய்விட்டது. ஆனால் குழி நிரம்பினால் அதை வெறுமையாக்க ஒருவர் வருகிறார். எங்கள் தெருக் குப்பையை உழவுயந்திரப் பெட்டியில் ஏற்ற ஒருவர் வருகிறார். அணையாடையும் உறிஞ்சுவிரிப்பும் உடைந்த போத்தலும் ஒரே பொலித்தீன் பையில் அவர் கைக்குப் போகின்றன. அவருக்குக் கையுறை இருக்கிறதா என்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

நாய் வளர்ப்பவர்கள் வளர்க்கட்டும். அதற்கு வீட்டுக்குள்ளே இடமும் அமைக்கட்டும். ஏறாவூரில் இது வியப்பாயிருக்கலாம். கொழும்பு மாடிவீடுகளில் அன்றாடக் காரியம். எதை வாங்கினாலும், கட்டினாலும், விலையைக் கேட்கு முன்னே கழுவும் கையைக் கேளுங்கள். அது உங்கள் கையாக இருக்கட்டும். உங்களால் இயலாமற் போய் இன்னொருவர் கையை நாட நேர்ந்தால், மறுக்கும் உரிமையை அவருக்கு முதலில் கொடுங்கள். அதன் பின் கையுறையைக் கொடுங்கள். உரிய கூலியைக் கொடுங்கள்.