வண்ணப்பூச்சுக்கு அடியில்: நாகைக் கரையில் பழைய விசைப்படகை மதிப்பிடுதல்

தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடையுள்ள ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்கள், பழைய மரப்படகு வாங்க எண்ணுவோருக்கு ஏற்ற காலமாகும். நாகப்பட்டினத்தில் கடுவையாற்றை ஒட்டிய அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பகுதிகளில் அப்போது படகுகள் கரையேற்றப்பட்டுப் பழுதுபார்க்கப்படுவதால், நீரில் மிதக்கையில் புலப்படாத அடிப்பகுதி முழுவதும் வெளியே தெரிகிறது. ஆயினும் விற்க எண்ணும் உரிமையாளர் புதுவண்ணம் பூசவே முந்துவார் என்பதால், அடிப்பலகையில் காயாத வண்ணத்தைக் கண்டால் அனுபவமுள்ளவர்கள் மகிழ்வதில்லை. சுரண்டிக் காட்டும்படியே கேட்கின்றனர்.

படகின் முழு நீளத்துக்கும் ஓடும் அடிமரமாகிய ஏராவின்மீது, வங்கு எனப்படும் வளைந்த குறுக்குக் கட்டைகள் பொருத்தப்பட்டு, அவற்றின்மேல் பக்கப் பலகைகள் அறையப்படுகின்றன. பலகையை மாற்றலாம், எஞ்சினை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றலாம். ஏரா வளைந்துவிட்டாலோ, அதைத் திருத்தும் வேலை பெரும்பாலும் படகையே பிரித்துக் கட்டுவதில் போய் முடியும். ஆகவே படகு கட்டும் தச்சராகிய ஓடாவி, விலைப்பேச்சு தொடங்குமுன், முன்பகுதியான அணியத்திலிருந்து பின்முனை வரை நூல் பிடித்து, ஏராவின் நடுப்பகுதி மேலெழுந்திருக்கிறதா, தொய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்.

அடுத்து அவர் உள்ளே இறங்கி வங்குகளைச் சுத்தியலால் தட்டிச் செல்கிறார். நல்ல மரம் கணீரென்று ஒலிக்க, உளுத்த மரம் மந்தமாகப் பதிலளிக்கும். ஐயமுள்ள இடத்தில் கத்திமுனை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது முடிவைச் சொல்லிவிடும். மீன் அறையில் உருகும் பனிக்கட்டியின் நீர் கசிந்து தேங்கும் இடங்களிலும், மேல்தளத்து இடுக்குகள் வழியே மழைநீர் இறங்கும் இடங்களிலும் இச்சோதனை கூடுதல் கவனத்துடன் நடைபெறுகிறது. கடல்நீரைவிட நன்னீரே மரத்தை விரைவில் மக்கச்செய்யும் என்பது வெளியாருக்கு வியப்பளிக்கலாம்.

வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் கொட்டலசு எனும் ஓட்டுயிரியைச் சுரண்டி எடுத்துவிடலாம். உண்மையான பகை மரந்துளைப்புழுவே. பெயர் புழுவென்றாலும் சிப்பியினத்தைச் சேர்ந்த இவ்வுயிரி, ஊசிமுனையளவு துளையிட்டு இளம்பருவத்தில் நுழைந்து, மரத்துக்குள்ளேயே வளர்ந்து, சுண்ணாம்பு பூசிய சுரங்கங்களைக் குடைந்து செல்வதால், வெளியே நலமாகத் தோன்றும் பலகை உள்ளே சல்லடையாகிவிட்டிருக்கும். ஆணித் தலைகளைச் சுற்றிப் படரும் துருக்கறையும் புறக்கணிக்கத்தக்கதன்று. இரும்பாணி அரிக்கப்படும்போது அதைச் சூழ்ந்த மரமும் பிடிமானம் இழக்கிறது. பலகை இடுக்குகளில் பருத்தித் திரியைச் செருகி அடைக்கும் கலப்பற்று வேலை தளர்ந்திருப்பது மட்டும் பெருங்குறையாகக் கருதப்படுவதில்லை. அது புதுப்பிக்கக்கூடிய பராமரிப்பே.

இவற்றையெல்லாம் ஒரே போர்வையில் மூடிவிடக்கூடியது கண்ணாடியிழைப் பூச்சு. மரத்தின்மீது பிசினும் இழையும் சேர்த்துப் போர்த்தும் இம்முறை, உறுதியான உலர்ந்த மரத்தின்மீது செய்யப்பட்டால் புழுவைத் தடுக்கும். ஈரமரத்தின்மீது செய்யப்பட்டால் ஈரத்தை உள்ளேயே சிறைவைத்து அழுகலை வளர்க்கும். இத்தகைய படகை வெளியிலிருந்து மட்டும் மதிப்பிடுவது வீண்வேலை.

எஞ்சின் பரிசோதனை ஒப்பீட்டளவில் எளிது. குளிர்ந்த நிலையில் அதனை இயக்கிப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருப்பது ஐயத்துக்குரியது. நீலப்புகை எண்ணெய் எரிவதையும், நீங்காத கரும்புகை எரிபொருள் முழுமையாக எரியாமையையும் காட்டும். பால்நிறமாக மாறிய எஞ்சின் எண்ணெய், நீர் கலந்ததற்கு அறிகுறியாகும். புரொப்பெல்லரைக் கையால் அசைத்து, அதன் தண்டு தாங்கியில் எவ்வளவு ஆடுகிறது என்றும் பார்க்கின்றனர். தமிழகத்தில் 240 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின் பொருத்திய படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளதால், திறன்மிக்க எஞ்சின் எப்போதும் விலையை உயர்த்தும் சிறப்பாகாது. பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணும் எஞ்சினில் பொறிக்கப்பட்ட எண்ணும் ஒத்திருப்பதோடு, வங்கிக் கடன் நிலுவை இல்லையென்பதும் உறுதியாக வேண்டும். உரிமை மாற்றம் முறையாகப் பதிவாகாவிடில் மானிய விலை டீசல் பெறுவதும் சிக்கலாகும்.

இறுதிச் சோதனை நீரில் நடைபெறுகிறது. வாரக்கணக்கில் வெயிலில் நின்ற மரப்படகின் பலகைகள் சுருங்கி இடுக்குகள் திறந்திருப்பதால், இறக்கிய முதல்நாளில் நீர் கசிவது இயல்பே. மரம் ஊறி விரிந்ததும் கசிவு தணியும். இறக்கிய அன்றே பணத்தை முடித்துவிட விற்பவர் அவசரப்படுவதற்கும், முன்பணம் மட்டும் கொடுத்துவிட்டு வாங்குபவர் இரண்டு மூன்று நாள் தாமதிப்பதற்கும் காரணம் ஒன்றே. அந்நாள்களில் நாளுக்கொரு முறை உள்ளிருந்து இறைக்கப்படும் நீரின் அளவு குறைந்துகொண்டே வந்தால் பேசிய விலை நிலைக்கும். குறையாவிடில் படகு மீண்டும் கரையேற்றப்பட்டு, கசியும் இடம் கண்டறியப்பட்ட பிறகே பேரம் தொடரும்.